தீபாவளிக்குத் தேதி குறிப்பவர்

நியூ ஜெர்சியில் தமிழ்ச் சங்கச் செயலாளராக இருப்பவருக்கு ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசி என்றைக்கு என்பது இரண்டாம்பட்சம். நடுநிலைப் பள்ளி அரங்கம் எந்தச் சனிக்கிழமை காலியாக இருக்கிறது என்பதுதான் அவர் பார்க்கும் பஞ்சாங்கம். ஆளை அடையாளம் காண்பது எளிது. ஒட்டிக்கோ வேட்டி, அதற்கு மேல் முழங்கால் வரை குளிர் ஜாக்கெட், வேட்டிப் பையில் விடாமல் அதிரும் போன். காரின் பின்னால் மடக்கு மேசைகள், எக்ஸ்டென்ஷன் வயர்கள், நாலு சுருள் டேப். பின் இருக்கையில் குத்துவிளக்கு படுத்திருக்கும், சீட் பெல்ட் போட்டபடி. பிழைப்புக்கு மென்பொருளோ மருந்துக் கம்பெனியோ ஏதோ ஒன்று. அங்கே கற்ற எக்செல் வித்தையை நரகாசுர வதத்துக்கும் பயன்படுத்துகிறார். எண்ணெய், சீயக்காய், லேகியம் என்று நாம் பட்டியல் போடும் பண்டிகையை அவர் அரங்க வாடகை, காப்பீட்டுச் சான்றிதழ், குப்பை உறை என்று பட்டியல் போடுகிறார். தீபாவளியைச் சனிக்கிழமைக்கு நகர்த்திய பாவி என்று அவரைப் பற்றி ஊரிலும் சிரிப்பு, அங்கேயும் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் பாதிதான் நியாயம் என்பது என் கட்சி.

அவர் தேதி குறிக்கும் லட்சணத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதே முறை. 2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. அமெரிக்காவில் அன்றைக்கு ஹாலோவீன். நவம்பர் 2 சனிக்கிழமை என்றால் அதை ஒரு வருஷத்துக்கு முன்பே வேறு மொழிச் சங்கம் பிடித்திருக்கும். மூன்றாம் தேதி ஞாயிறு அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். அன்றைக்கு நிகழ்ச்சி வைத்தால் பாதிப் பேர் பழைய நேரத்துக்கு வந்து பூட்டிய கதவைத் தட்டுவார்கள். ஐந்தாம் தேதி ஜனாதிபதித் தேர்தல், பள்ளிகள் பல வாக்குச்சாவடிகள். ஏழும் எட்டும் நியூ ஜெர்சி ஆசிரியர்களின் மாநாடு. பள்ளி கிடையாது என்பதால் அந்த வாரம் மாநிலத்தில் பாதி டிஸ்னி வேர்ல்டுக்குப் போய்விடும், ஒன்பதாம் தேதி அரங்கம் கிடைத்தாலும் ஆள் கிடைக்காது. மிஞ்சியது நவம்பர் 16. அதுவோ கார்த்திகை முதல் தேதி, ஐயப்பனுக்கு மாலை போடும் நாள். இன்னும் தள்ளினால் நன்றி நவிலும் நாள் வந்து நிற்கும், அதற்கும் அப்பால் திருக்கார்த்திகையே வந்துவிடும். ஆகவே ஐப்பசிப் பண்டிகையைக் கார்த்திகையில் வைத்துவிட்டு, "அனைவருக்கும் இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்" என்று வாட்ஸ்அப்பில் போடுகிறார். ஒன்பது கோள்களை வைத்துக் கணிக்கும் ஜோசியருக்குக்கூட இத்தனை தோஷம் பார்க்க வேண்டியதில்லை.

நாளை மாற்றுவதற்கு இவர் யார் என்பது பெரியவர்களின் கேள்வி. மரியாதையான கேள்விதான். ஆனால் நாள் பற்றிய சண்டை அமெரிக்காவில் தொடங்கியதல்ல. வாக்கியமா திருக்கணிதமா என்று நம் பஞ்சாங்கங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. குருப்பெயர்ச்சியும் சனிப்பெயர்ச்சியும் பல சமயம் இரண்டிலும் வெவ்வேறு நாள். கிராமத்து அம்மனுக்குக் கொடை என்றைக்கு என்று ஊர்க்கூட்டம் போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். வரி வசூல், அறுவடை, வெளியூரிலிருந்து வரவேண்டிய பிள்ளைகள் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துவிட்டே காப்புக் கட்டுகிறார்கள். நியூ ஜெர்சிக் குஜராத்திகளின் நவராத்திரியோ வெள்ளி, சனிகளாகப் பிரிந்து, ஒன்பது இரவைத் தாண்டியும் கர்பா ஆடுகிறது. அம்பாள் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. அமாவாசையையும் திவசத்தையும் நகர்த்த முடியாது, ஒப்புக்கொள்கிறேன். கங்கா ஸ்நானத்தையும் நகர்த்த முடியாது. செயலாளரும் அதை நகர்த்தவில்லையே. வீட்டுத் தீபாவளியை அதற்குரிய நாளிலேயே விட்டுவிட்டு, ஊர்த் தீபாவளிக்குத்தான் நாள் தேடுகிறார்.

அந்த வீட்டுத் தீபாவளி எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். விடிகாலை ஐந்து மணி. கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவிக்குத் தலைக்குளியல் உறை மாட்டி, அதன் வாயைக் கட்டுகிறார்கள். முந்தைய வருஷம் வடைக்கு எண்ணெய் காய்ந்தபோது அது கத்தித் தெருவையே எழுப்பியிருக்கும். உச்சந்தலையில் மூன்று சொட்டு நல்லெண்ணெய். அதற்கு மேல் வைத்தால் கார்ப்பெட்டில் காலடி பதியும். சீயக்காய் போட்டால் குழாய் அடைக்கும், ஆகவே ஷாம்பு. புதுத் துணியில் மஞ்சள் தடவி, சாமி முன் வைத்து, கட்டி, படம் எடுத்து, அவிழ்த்து, ஏழு மணிக்கு மஞ்சள் பஸ் வருவதற்குள் பிள்ளைக்கு ஜீன்ஸ் மாட்டியாக வேண்டும். "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று பாட்டி வீடியோவில் கேட்கும்போது பிள்ளை வாயில் லேகியத்தோடு கணக்குப் பரீட்சைக்குப் போய்க்கொண்டிருக்கும். வெளியே இருட்டு, அடுத்த வீட்டு வாசலில் பல்லைக் காட்டும் பரங்கிக்காய். சாயங்காலம் வாசல்மணி அடித்தால் குட்டிப் பேய்கள் பை நீட்டிக்கொண்டு நிற்கும். அசுரனைக் கொன்ற நாளில் பேய்களுக்கு மிட்டாய் கொடுத்து அனுப்புகிற பாக்கியம் 2024-இல் வாய்த்தது.

இதில் பக்திக்குக் குறைவில்லை, தெருதான் இல்லை. ஊரில் பண்டிகையை யாரும் ஏற்பாடு செய்வதில்லை, அது தெருவிலிருந்து வீட்டுக்குள் வருகிறது. நாலு மணிக்கே எவனோ வைக்கும் முதல் வெடி, ரங்கநாதன் தெரு நெரிசல், மூடிய தட்டில் வரும் எதிர்வீட்டு அதிரசம், இனாம் கேட்டு வரும் துப்புரவுப் பணியாளர் என்று உலகமே சேர்ந்து பிள்ளையிடம் இன்று தீபாவளி என்று சொல்லும். அங்கேயோ அம்மாவும் அப்பாவும் மட்டும் சொல்கிறார்கள். அம்மா அப்பா சொல்வதை எந்தப் பிள்ளை நம்புகிறது? பட்டுப்பாவாடையும் ஜிப்பாவுமாக இருநூறு பேர் சாம்பார் வரிசையில் இடித்துக்கொண்டு நிற்பதையும், தன் வகுப்புப் பையன் வேட்டி அவிழ ஓடுவதையும் பார்த்தால்தான் இது நிஜமான விசேஷம் என்று அதற்குப் படுகிறது. ஊரில் சும்மா கிடைக்கும் தெருவை அங்கே ஒருவர் நாலு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்துத் தர வேண்டியிருக்கிறது. செயலாளரின் உத்தியோகம் அதுதான்.

இப்போது அரசாங்கமே விடுமுறை விடுகிறதே, இவர் எதற்கு என்று கேட்கலாம். உண்மைதான். நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகள் 2024-இல் முதல்முறையாகத் தீபாவளிக்கு மூடின, நவம்பர் முதல் தேதி. நியூ ஜெர்சியில் இந்தியர் அதிகமுள்ள சில பள்ளி மாவட்டங்கள் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன. கலிபோர்னியா 2025-இல் சட்டமே போட்டது. நல்ல காரியங்கள். ஆனால் சட்டம் ஒரு நாளைக் கொடுக்கும், கூட்டத்தைக் கொடுக்காது. பிள்ளைக்கு லீவு, அப்பாவுக்கு மீட்டிங் என்றால் அந்த நாளும் ஐபேடோடு போகும்.

சனிக்கிழமை விழாவில் என்ன இருக்கிறது, சினிமாப் பாட்டுக்குக் குழு நடனம்தானே என்று ஓர் இளக்காரம் உண்டு. பள்ளியில் நெருப்புக்கு அனுமதி இல்லாததால் குத்துவிளக்கில் பேட்டரி விளக்குதான். முக்கிய விருந்தினர் பக்தியோடு குனிந்து சுவிட்சைத் தேடுவார், செயலாளர் காதோரம், "அடியில இருக்கு சார், அடியில" என்பார். சிரிக்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் பூஜை முடிந்த பிறகு தீபாவளி என்னவாக இருக்கிறது? பட்டிமன்றம், புதுப்படம், நடிகர் பேட்டி, மதியத் தூக்கம். சினிமா இல்லாத தீபாவளியை நாமே விட்டு ரொம்ப நாளாகிறது. அவரை மட்டும் பிடித்து உலுக்குவது தகாது. அந்தப் பேட்டரி விளக்கைச் சுற்றி நிற்கும் பெண் பிள்ளைகள் ஆறு வாரம் யாரோ ஒருவர் வீட்டு அடித்தளத்தில் ஒத்திகை பார்த்தவர்கள். அடித்தளம் முழுக்கத் தமிழ்க் குரல் கேட்ட ஆறு வாரம்.

அவர்மேல் எனக்கு இருக்கும் புகார் வேறு. நன்றியுரைக்கு முன் ஒரு நன்றியுரை வைக்கிறார். வீட்டுக்கடன் தரகரை "நம் சமுதாயத்தின் தூண்" என்று மேடையேற்றி வட்டி விகிதம் பேசவிடுகிறார். மறுநாளே ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை என்று கருத்துப் படிவம் அனுப்புகிறார். இவற்றுக்கு மன்னிப்பில்லை. ஆனால் பதிவு செய்தவர்கள் நூற்றிருபது, வந்தவர்கள் நூற்றெண்பது என்று ஆகும்போது சாம்பாரில் வெந்நீர் ஊற்றும் பொறுப்பு அவருடையது. "அண்ணே, பதிவு பண்ண மறந்துட்டேன், ஆறு பேருதான் வர்றோம்" என்று வாசலில் நிற்பவரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பதும் அவரே. இதற்குச் சம்பளம் கிடையாது. "ஏங்க, நம்ம வீட்டுத் தீபாவளி எப்போ?" என்ற கேள்விக்கு அவரிடம் பதிலும் கிடையாது, தீபாவளி வியாழன் விடிகாலையில் எண்ணெய்த் தலையோடு அவர் அரங்கக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தார்.

எனவே அந்தப் பக்கம் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் பதிவுப் படிவத்தைக் கெடு முடிவதற்குள் நிரப்புங்கள், தலைகளைச் சரியாக எண்ணி எழுதுங்கள். விழா முடிந்ததும் குழந்தைக்குத் தூக்கம் வருகிறது என்று நழுவாமல் அரை மணி நேரம் நின்று நாற்காலிகளை மடக்கிக் கொடுங்கள். பத்து மணிக்குச் சாவியை ஒப்படைக்காவிட்டால் முன்பணம் திரும்பி வராது. முடிந்தால் ஒரு தட்டுச் சாப்பாடும் எடுத்து வையுங்கள், அவர் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார்.