பெர்லினில் ஒரு செவில்

போர் நடத்த ஸ்பெயினின் தளபதி பிராங்கோவிடம் எல்லாம் இருந்தது. படம் எடுக்கத்தான் இடமில்லை. 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டபோது மாட்ரிட், பார்சிலோனா ஸ்டூடியோக்கள் அவருடைய எதிரிகளான குடியரசுக்காரர்கள் பக்கம் மாட்டிக்கொண்டன. பாட்டும் கூத்தும் இல்லாமல் எந்தச் சர்வாதிகாரி காலந்தள்ளியிருக்கிறான்? கூட்டாளி ஹிட்லரின் பெர்லின் ஸ்டூடியோ திறந்தது. இயக்குநர் புளோரியான் ரேயும் நாயகி இம்பீரியோ அர்ஜென்டினாவும் மூட்டை கட்டிப் போய்ச் செவிலில் நடக்கும் கார்மென் கதையை எடுத்தார்கள்; 1938இல் வந்தது. அதே நாயகியை வைத்து ஜெர்மனிலும் ஒன்று. தமிழ், தெலுங்கு இரண்டையும் ஒரே கால்ஷீட்டில் முடிக்கும் நம்மூர் சாமர்த்தியம்தான். நிஜ செவில் நகரம் பிராங்கோவின் பிடியில் பத்திரமாக இருக்க, பெர்லினில் அட்டை செவிலுக்கு ஆணியடித்தார்கள்.

இந்தக் கூத்தைத்தான் 1998இல் பெர்னாண்டோ த்ருயேபா ‘லா நீன்யா தே துஸ் ஓஹோஸ்’ என்ற படமாக்கினார். ஏழு கோயா விருது. பெயர்களை மாற்றினாரே தவிர, மானத்தை வாங்குவதில் குறை வைக்கவில்லை. நாயகி மகரேனா, பெனலோப் குரூஸ். அப்பா பிராங்கோவின் சிறையில். மகள் பிராங்கோ தரப்புக்குப் பாடுகிறாள். அவள்மேல் ஹிட்லரின் பிரச்சார மந்திரி கோயபல்ஸுக்கு ஒரு கண். யூனிட்டுக்குப் படியளக்கும் மந்திரியாயிற்றே, கொஞ்சம் சிரித்துப் பேசேன் என்று கெஞ்சுகிறார் டைரக்டர். அவள் காதலரும் அவரேதான்!

கோயபல்ஸ் வழிவதைக் கற்பனை என்று தள்ள முடியாது. செக் நடிகை லீதா பாரோவா பின்னால் அலைந்தவர். மனைவி மாக்தா நேரே ஹிட்லரிடம் முறையிட, 1938இல் தலைவரே பஞ்சாயத்து பண்ணிப் பிரித்துவிட்டார். உலகத்தை வளைக்கக் கிளம்பியவருக்கு நடுவில் இந்தக் குடும்ப வழக்கு வேறு.

த்ருயேபா படத்தின் உச்சம் துணை நடிகர்கள் விவகாரம். ஆண்டலூசிய ஜனமாக நிற்க வந்தவர்கள் ஜெர்மன் பொன்முடிக்காரர்கள். இனத் தூய்மைக்கு அத்தனை பாடுபட்ட ஊரில் கறுத்த தலைக்குப் பஞ்சம். நிர்வாகம் யோசித்து, முகாமில் அடைத்துவைத்த யூதர்களையும் ஜிப்சிகளையும் கொண்டுவந்து நிறுத்துகிறது.

திரைக்கதைக்காரர் துணிந்து விட்ட கப்ஸா போலத் தோன்றும். இல்லை. ஜெர்மன் இயக்குநர் லெனி ரீஃபன்ஸ்டால் 1940இல் தொடங்கிய ‘டீஃப்லாண்ட்’ படத்தில் ஸ்பானிய நடனக்காரியாகத் தானே ஆடினார். சுற்றி நிற்க ஸ்பானிய முகங்கள் வேண்டுமே? மாக்ஸ்கிளான், மார்ட்சான் முகாம்களிலிருந்து ஜிப்சிகள் எனப்பட்ட ரோமா, சிந்தி மக்களை, குழந்தைகள் உட்பட, வரவழைத்தார்கள். பின்னர் அவர்களில் பலர் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். படம் 1954இல் வெளியானது. போருக்குப் பிறகு அவர்கள் எல்லோரையும் பார்த்தேன், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று 2002இல் பேட்டி கொடுத்தார் ரீஃபன்ஸ்டால். வழக்கு என்று வந்ததும் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.