ஆசனத்தில் அரியர்

கல்லூரியின் தரத்தை மதிப்பிட வெளியூரிலிருந்து ஒரு குழு வரப்போகிறது என்றால், ஓராண்டுக்கு முன்பே வளாகத்தில் நற்பண்புகள் பெருக ஆரம்பித்துவிடும். காய்ந்து கிடந்த மூலிகைத் தோட்டத்துக்குத் தண்ணீர் போகும். மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். அப்படிப் பெருகியவற்றில் ஒன்றாகத்தான் எங்கள் கல்லூரிக்கு ஹட யோகம் வந்தது. மதிப்புக்கூட்டுப் படிப்பு, மொத்தம் 30 மணி நேரம், மாலை நான்கு மணி, உள்விளையாட்டு அரங்கம், இறுதியில் செய்முறைத் தேர்வும் சான்றிதழும். மாணவர்களோடு ஆசிரியர்களும் அலுவலர்களும் விரும்பினால் கலந்துகொள்ளலாம் என்று முதல்வர் பச்சை மையில் எழுதியிருந்தார். விரும்பினோம்.

யோகா மாஸ்டர் அறுபதைத் தாண்டியவர். வந்ததும் வகுப்பை மூன்றாகப் பிரித்தார். ஆரம்ப நிலை, இடைநிலை, உயர்நிலை. “யார் யார் எந்த நிலைன்னு நீங்களே பாத்து நின்னுக்கோங்க” என்றார். கல்லூரிப் பக்கம் வந்து பழக்கமில்லாதவர்தான் இப்படிச் சொல்வார். ஆரம்ப நிலைக்கு போர்ஷன் குறைவாக இருக்கும் என்று கணக்குப் போட்டு கபடி டீம் மொத்தமும் அங்கே போய் நின்றது. மாணவர்களோடு மாணவர்களாக ஆரம்ப நிலையில் நின்றால் மரியாதை என்னாவது என்று ஆசிரியர்கள் நாங்கள் இடைநிலையில் நின்றோம். உயர்நிலையில் தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் மட்டும், அதுவும் நாற்காலி போட்டு. அட்டாங்க யோகத்தைத் திருமூலர் மூன்றாம் தந்திரத்திலேயே சொல்லி முடித்துவிட்டார், இனிப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை என்பது அவர் நிலை. படிப்பு முடிகிறவரை அந்த நிலையிலிருந்து அவர் எழவே இல்லை.

மாஸ்டர் மறுத்து எதுவும் பேசவில்லை. எல்லாரும் காலை நீட்டி உட்கார்ந்து, குனிந்து, கால் கட்டைவிரலைப் பிடிக்க வேண்டும் என்றார். அவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் கல்லூரியின் வரிசைக்கிரமம் தலைகீழானது.

ரெய்டு போனால் மூன்று பேரை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடும் கபடி கேப்டனால் தன் காலைத் தொட முடியவில்லை. தொடையின் பின்பக்கத் தசைகள் ஓடி ஓடி இறுகிப்போயிருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க இழுக்க அவை இன்னும் முறுக்கிக்கொண்டன. திடீரென்று இழுத்தால் எதிர்த்துச் சுருங்குவது தசையின் இயல்பு, மெதுவாக மூச்சை விட்டால்தான் இணங்கும் என்று மாஸ்டர் சொன்னார். அலுவலகக் கண்காணிப்பாளர் காலைத் தொடுவது இருக்கட்டும், அதைப் பார்த்தே சில வருடங்கள் ஆகியிருக்கும் என்று தோன்றியது. பரதநாட்டியம் ஆடும் ஆங்கில இலக்கிய மாணவி இரண்டாக மடிந்து, முகத்தை முழங்கால்மேல் வைத்தபடி பக்கத்தில் இருந்தவளோடு பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் வேதியியல் துறை லேப் அட்டெண்டர் அண்ணன், ஆயுள் முழுக்கத் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டும் குத்துக்காலிட்டுக் குடுவை கழுவியும் வாழ்ந்தவர், சிரமமே இல்லாமல் விரலைப் பிடித்துக்கொண்டு அடுத்து என்ன என்பதுபோலப் பார்த்தார்.

வகுப்பிலேயே மிகச் சுத்தமாகச் செய்தவன் ஒரு மூன்றாமாண்டு மாணவன். என்னுடைய பிசிக்கல் கெமிஸ்ட்ரி தாளில் இரண்டாம் செமஸ்டரிலிருந்து அரியர் வைத்திருப்பவன். எனக்கு அடுத்த பாயில் இருந்தான்.

எனக்கும் என் கணுக்காலுக்கும் இடையே இருந்த தூரத்தைக் குறைக்க ஒரே வழிதான் இருந்தது. முட்டியை லேசாக உயர்த்தினேன்.

“சார், முட்டியை மடக்கக் கூடாது சார்.”

“தெரியும்ப்பா.”

“மடக்குனா அது வேற ஆசனம் ஆயிரும் சார்.”

சமன்பாட்டைச் சமன் செய்யாமல் விடை எழுதாதே என்று அவனிடம் நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதே குரல், அதே பொறுமை. எங்கே கற்றான் என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

ஆசனங்களைத் தரம் பிரிப்பது ஒன்றும் புதிதல்ல. பி.கே.எஸ். அய்யங்கார் 1966இல் வெளியிட்ட ‘லைட் ஆன் யோகா’ நூலில் ஒவ்வோர் ஆசனத்துக்கும் எதிரே அதன் கடினத்தைக் குறிக்கும் எண் இருக்கும். நேராக நிற்கிற தாடாசனத்துக்கு 1. நின்றபடியே பின்னோக்கி வளைந்து தன் கணுக்காலைத் தானே பிடித்துக்கொள்ளும் திரியங் முகோத்தானாசனத்துக்கு 60. நூலகர் மேடம் அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து காட்டியதும் இடைநிலைக்காரர்களாகிய நாங்கள் எங்கள் எண்ணைத் தேடினோம். நான் ஒன்றில் உறுதியாக இருந்தேன். இரண்டாவது என்ன என்று பார்க்கவில்லை. கேட்டால் செய்து காட்டச் சொல்வார்கள்.

இனி காப்பியடிப்பது பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் கல்லூரியில் எந்த வகுப்பிலும் முதல் வரிசை நிரம்புவதில்லை. யோகாவிலும் அப்படியே. மாஸ்டருக்கு முன்னால் நான்கு பாய்கள் காலியாகக் கிடக்கும். இரண்டாம் வரிசை மாஸ்டரைப் பார்க்கும், மூன்றாம் வரிசை இரண்டாம் வரிசையைப் பார்க்கும், கடைசி வரிசை யாரையாவது பார்க்கும். மாஸ்டர் எங்களைப் பார்த்து நின்றுகொண்டு ‘வலது கை’ என்று தன் வலது கையைத் தூக்குவார். எதிரே நிற்பவர்களுக்கு அது இடப்பக்கம் தெரியும். காதை நம்புகிறவர்கள் வலது கையையும், கண்ணை நம்புகிறவர்கள் இடது கையையும் தூக்குவார்கள். திரிகோணாசனத்தில் இந்த இரண்டு கட்சிகளும் பக்கவாட்டில் சாயும்போது தலைகள் மோதிக்கொள்ளும். மூன்றாம் வரிசைக்குப் போவதற்குள் வலம் இடம் இரண்டும் தீர்ந்து, ஆளாளுக்கு ஒரு திசை கண்டுபிடித்திருப்பார்கள்.

இந்தக் கலவரத்தில் எல்லாரும் நம்பியது லேப் அட்டெண்டர் அண்ணனை. இதற்கு ஒரு பின்னணி உண்டு. உப்பு ஆய்வுத் தேர்வில் எந்தப் பையனுக்கு எந்த உப்பு என்று இந்த உலகத்தில் இருவருக்குத்தான் தெரியும், எனக்கும் அவருக்கும். பையன்கள் தவிக்கும்போது அவர் ஜன்னல் ஓரமாகப் போவார், இருமுவார், தொட்டி கழுவுவார். கடைசியில் எல்லாருக்கும் சரியான விடை வந்துவிடும். எப்படி வருகிறது என்று நான் ஆராய்ந்ததில்லை. அதே அண்ணன் இப்போது பின்பாயிலிருந்து மெல்லிய குரலில் எனக்கும் சொல்லத் தொடங்கினார். “சார், வலது கால். அது இல்ல சார், இன்னொரு கால்.” பல வருடங்களாகத் தேர்வுக்கூடத்தில் இந்தக் குரல் செய்த உதவியின் மதிப்பு அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பதினைந்தாம் நூற்றாண்டளவில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோக பிரதீபிகையை நூலகர் மேடம் தமிழ் மொழிபெயர்ப்பில் தேடிக் கொடுத்தார். அதில் யோகம் பயிலும் இடத்துக்கு இலக்கணம் இருக்கிறது. சிறிய குடில், சிறிய வாசல், ஜன்னல் கூடாது, சாணம் மெழுகிய தரை, பூச்சி பொட்டு இருக்கக் கூடாது. எங்கள் அரங்கத்தில் டேபிள் டென்னிஸ் மேஜை இருந்தது. ஜன்னல்கள் இருந்தன, அவற்றுக்கு அந்தப் பக்கம் கேன்டீன் இருந்தது. நான்கு மணிக்கு முதல் ஈடு உளுந்து வடை எண்ணெயில் இறங்கும். மூச்சை ஆழமாக இழுங்கள் என்று மாஸ்டர் சொல்லும் நேரமும் அதுதான். அவ்வளவு ஈடுபாட்டோடு ஒரு வகுப்பு மொத்தமும் மூச்சிழுத்து நான் கண்டதில்லை.

யோகத்தைக் கெடுக்கும் ஆறு விஷயங்களையும் அந்த நூல் வரிசைப்படுத்துகிறது. அளவுக்கு மீறிய உணவு, அளவுக்கு மீறிய உழைப்பு, வாயாடுவது, விதிகளைக் கட்டிக்கொண்டு அழுவது, கூட்டம் சேர்வது, நிலையில்லாத மனம். உழைப்பைத் தவிர மற்ற ஐந்தும் எங்கள் வளாகத்தில் தாராளமாகக் கிடைக்கும். இளைஞர், முதியவர், படுகிழவர், நோயாளி, பலவீனர் யாராயிருந்தாலும் சோம்பாமல் பயின்றால் தேறலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. அந்தப் பட்டியலில் எனக்கு இடம் கிடைத்தது, எந்த இடம் என்பதைச் சக ஆசிரியர்கள் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். ஆனால் விடுதி மாணவர்களை உலுக்கியது மயூராசனம். இரண்டு உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றி, முழங்கைகளை வயிற்றில் கொடுத்து, உடம்பை ஒரு பலகையாக அந்தரத்தில் நிறுத்துவது. இதில் தேர்ந்தவனுக்குக் கண்டதைத் தின்றாலும் செரிக்கும், ஆலகால விஷமே செரிக்கும் என்கிறார் சுவாத்மாராமர். மெஸ்ஸை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார் என்று விடுதிப் பையன்கள் ஒருமனதாக முடிவு செய்தார்கள். மறுநாள் மயூராசனத்துக்கு மட்டும் முதல் வரிசை நிரம்பியது.

மாஸ்டருக்கு மூன்று நிலைகளை ஒரே கூடத்தில் வைத்து மேய்ப்பதில் வருத்தம் இருந்தது. அவருக்குத் தெய்வம் கிருஷ்ணமாச்சாரியார். 1930களில் மைசூர் அரண்மனையில் பையன்களுக்குத் துள்ளித் தாவும் ஆசனங்களைக் கற்பித்தவர், பிற்காலத்தில் சென்னையில் குடியேறித் தேடிவந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, அவரவர் வயதுக்கும் உடம்புக்கும் தகுந்ததைச் சொல்லிக்கொடுத்தவர். நூறு வயது வாழ்ந்து 1989இல் மறைந்தார். “அவர் ஒருத்தருக்குப் பாத்து ஒண்ணு சொல்லுவாரு. எனக்கு ஒரு ஹால் நிறைய அனுப்பியிருக்காங்க” என்பார் மாஸ்டர். ஆனாலும் விடவில்லை. ஒரே ஆசனத்தை மூன்று விதமாக நடத்தினார். நாட்டிய மாணவி வளையாமல் இருக்கக் கற்க வேண்டும் என்றார். மூட்டு இளகியவர்கள் எல்லையைத் தாண்டிப் போய்க் காயப்பட்டுக்கொள்வார்களாம், அதனால் அவளைப் பாதியிலேயே நிறுத்தினார். அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. நூற்றுக்கு ஐம்பது போதும் என்று அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

எனக்கு ரத்த அழுத்தம் என்பதால் சிரசாசனத்திலிருந்து விலக்கு கொடுத்தார். இதைத் துறையில் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டேன். குனிவதற்கு வாரும், உட்கார உயரமும் தேவைப்பட்டவர்களுக்கு என்சிசி பெல்ட் வந்தது, துப்பட்டா வந்தது. சிறுவயதில் ஓயாத நோயாளியாக இருந்த அய்யங்கார்தான் கயிறு, கட்டை, பெல்ட் என்று துணைக்கருவிகளைப் பரப்பியவர். கட்டைக்கு எங்கே போவது? நூலகர் மேடம் பைண்டு செய்த பழைய பொருளாதார ஆய்விதழ்களை வண்டியில் ஏற்றி அனுப்பினார். பல வருடங்களாக ஒருவரும் கைவைக்காத அந்தத் தொகுதிகள் மேல் கண்காணிப்பாளர் அமர்ந்ததும் முதுகு நிமிர்ந்தது. பொருளாதாரத்துறைத் தலைவர் அன்றோடு வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

கடைசியில் சவாசனம். மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, அசையாமல் கிடக்க வேண்டும். இங்கே யாரையும் பார்த்து எழுத முடியாது. நாட்டிய மாணவியின் கால்விரல்கள் ஏதோ தாளத்தில் தட்டிக்கொண்டே இருந்தன. கபடி கேப்டன் யாரோ தொட வருவதுபோல அடிக்கடி துள்ளினான். அரியர் பையனே கண்ணை இடுக்கித் திறந்து, மற்றவர்கள் செய்கிறார்களா என்று நோட்டம் விட்டான். (நான் பார்த்தது எப்படி என்று கேட்கக் கூடாது.) காலைத் தொட முடியாத கண்காணிப்பாளர் மட்டும் படுத்த மாத்திரத்தில் பரிபூரணம் அடைந்தார். அவருடைய குறட்டையைக் கேட்டு, தூங்கக் கூடாது, விழித்திருக்க வேண்டும் என்றார் மாஸ்டர். அது உயர்நிலைக்காரர்களுக்கு என்று நாற்காலியிலிருந்து பதில் வந்தது.

மதிப்புக்கூட்டுப் படிப்பு என்றால் ஆவணம் வேண்டும். எனவே ரெக்கார்டு நோட்டு வந்தது. நோக்கம், செய்முறை, படம், முடிவு. ‘முடிவு: சவாசனம் வெற்றிகரமாகச் செய்யப்பட்டது’ என்று எல்லா நோட்டிலும் ஒரே எழுத்துப்பிழையோடு இருந்தது. இத்தனை வருடம் ரெக்கார்டில் சிவப்பு மையால் திரும்ப எழுது என்று போட்டவன் நான். விருட்சாசனத்தை வரைந்து நீட்டினேன். மாஸ்டர் நோட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, “இதுல கால் எது சார்?” என்றார். திரும்ப வரைந்தேன். அரியர் பையனுடைய நோட்டைப் பார்த்துத்தான்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து எக்ஸ்டெர்னல் வந்தார். எக்ஸ்டெர்னலை வயிறு நிறைய வைத்திருப்பது எங்கள் ஊர்க் கல்லூரிகளின் பண்பாடு. கேன்டீன் சாப்பாடு, அது செரிப்பதற்குள் வடை, வடைக்குமேல் டீ. எனக்குத் தாடாசனம் விழுந்தது, நின்றேன். நாட்டிய மாணவி பாதி குனிந்தாள், மாஸ்டர் சொன்னபடியே. கபடி கேப்டனின் நடுவிரல் நுனி கால் கட்டைவிரல் நகத்தில் பட்டதும் டீம் மொத்தமும் கத்தியதில் எக்ஸ்டெர்னல் டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

அரியர் பையனின் முறை வந்தது. மயூராசனத்தில் ஒரு பலகையாக நின்றான். எக்ஸ்டெர்னல் வைவாவுக்குத் தாவினார்.

“இதனால என்ன பலன்?”

“எதைச் சாப்பிட்டாலும் செரிக்கும் சார். விஷம்கூட.”

எக்ஸ்டெர்னல் வயிற்றைத் தடவிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். “அப்படியா? எனக்குச் சொல்லிக்கொடேன், இப்ப செய்யலாமா?”

அவன் மேஜைமேல் இருந்த காலித் தட்டைப் பார்த்தான்.

“சாப்பிட்டு நாலு மணி நேரம் ஆகணும் சார்.”