பரீட்சைத் திணைக்களத்திற்கு ஒரு பாராட்டு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய பரீட்சை ஆணையாளர் நாயகம் அவர்களின் சமூகத்திற்கு, வெள்ளவத்தையில் வசிக்கும் பழைய வாசகன் ஒருவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது:

இத்தீவில் தமிழ் வாசிப்புக்கு நேர்ந்த இடையூறுகளுள் ஒன்றாயினும் அதனை ஒழிக்க வல்லதாய் இருக்கவில்லை என்பதை அறிந்தவன் என்ற முறையில், எவற்றாலும் கைகூடாத அக்காரியத்தைச் சந்தடியின்றி நிறைவேற்றிவரும் தங்கள் திணைக்களத்தைப் பாராட்டாதிருப்பது நன்றிகேடாகும் என்று கருதியே இதனை வரைகின்றேன்.

1970களின் தொடக்கத்தில் தமிழகத்துச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது நியாயப்படி வாசகர் ஓய்ந்திருக்க வேண்டும். அவர்களோ வீரகேசரி நிறுவனம் வெளியிட்ட ஈழத்து நாவல்களின் பக்கம் திரும்பி, 1973இல் வந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யைக் கொண்டாடினார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. அந்தத் தீயினால் விளைந்ததெல்லாம், அதன் படியை ஒருநாளும் மிதியாதவனும் அதற்காக அழுதான் என்பதே. சலூன் தொழிலாளியான டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘மல்லிகை’ சஞ்சிகை, யுத்தம் ஊரைப் பெயர்த்த காலத்திலும் மடியாமல், கொழும்பு ஸ்ரீ கதிரேசன் வீதிக்கு வந்து தொடர்ந்து வெளியாயிற்று. தடையும் தீயும் யுத்தமும் சாதியாததைத் தாங்கள் ஒரு தீக்குச்சியேனும் செலவழியாமல், வெறும் வினாத்தாளைக் கொண்டு சாதித்துவிட்டீர்கள்.

தங்கள் முறையின் நேர்த்தியை என்னென்பேன்! பத்து வயதுக் குழந்தையைப் புலமைப்பரிசிலால் பிடித்து, சாதாரண தரத்தால் வடித்து, உயர்தரத்தில் இசட் புள்ளியின் நான்காம் தசமதானத்திற்காக இராப்பகலாய் விழிக்கவைத்துப் பல்கலைக்கழக வாசலில் இறக்கிவிடும்போது, அப்பிள்ளைக்கு ஓய்வு என்று ஒன்று கிடைத்தாலும் அதனை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரிவதில்லை. ஞாயிறு காலையில் காலி வீதிக் கொமியூனிக்கேஷன் கடைகளில் போட்டோக் கொப்பி இயந்திரம் மூச்சு விடாமல் கடந்தகால வினாத்தாள்களைத் துப்பிக்கொண்டிருக்கிறது. நூலகங்களிலும் மாணவர் நிறைந்தே இருக்கின்றனர். ஆயினும் மின்விசிறிக்கும் நிசப்தத்திற்குமாக வந்த அவர்கள், தாம் கொண்டுவந்த ரியூட்டுகளையே விரித்து வைத்திருக்க, முதுகுக்குப் பின்னால் நாவல் அலுமாரி தீண்டுவாரின்றி நிற்கிறது. தமிழ் இலக்கியம் கற்கும் மாணவன் ஒருவன், கதாநாயகியின் பண்புகள் ஐந்தனையும் புள்ளிவாரியாய் என்னிடம் ஒப்பித்தான். அவள் கதையின் முடிவில் என்ன ஆனாள் என்று கேட்டேன். “அது வராது அங்கிள்” என்றான்.

கைத்தொலைபேசியே இளைஞரைக் கெடுத்தது என்று பிரசங்கிப்போர் தங்களுக்குரிய புகழைத் திருட முயல்கிறவர்கள். அதே கைத்தொலைபேசியில், 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் ஆயிரக்கணக்கில் காசு வாங்காமல் திறந்து வைத்திருக்கிறது. திறந்த கதவுக்குள் பிள்ளைகள் நுழையாதிருப்பதற்குக் கதவு எவ்விதம் பொறுப்பாகும்? பயன் குறித்தன்றி ஒரு பக்கத்தையும் புரட்டலாகாது என்று பதின்மூன்று வருடம் பழக்கிய சிரத்தைக்கு உரிய கீர்த்தி தங்களையே சாரும். பெற்றாராகிய நாங்களும், “கதைப் புத்தகத்தை வைத்துவிட்டுப் படி” என்று நாள்தோறும் அதட்டி, எங்களாலான கைங்கரியத்தைச் செய்தோம்.

எனினும், தங்கள் கவனத்திற்கு ஒரு குறைபாட்டைக் கொண்டுவருவது என் கடமை. சென்ற வாரம் கொட்டாஞ்சேனை பஸ்ஸில், பல்கலைக்கழக மாணவியெனத் தோன்றிய பெண் ஒருத்தி, ஒரு கையால் மேற்கம்பியைப் பற்றியபடி தடித்த தமிழ் நாவல் ஒன்றை வாசித்துக்கொண்டு வந்தாள். கையில் பென்சில் இல்லை. ஓரிடத்திலும் அடிக்கோடு இல்லை. ஒரு பக்கத்தில் தனக்குத் தானே சிரிக்கவும் செய்தாள். எந்தப் பாடத்திற்கு என்று விசாரித்தேன். “சும்மா வாசிக்கிறன்” என்றாள், கூச்சம் சிறிதுமின்றி.

இது ஒருத்தியோடு நிற்குமா என்பது சந்தேகம். ஆதலால் தாங்கள் மகரகம தேசிய கல்வி நிறுவகத்தாருடன் கலந்தாலோசித்து, அந்த நாவலை அடுத்த பாடத்திட்டத்தில் கட்டாய நூலாகச் சேர்த்து, முதல் வருடத்திலேயே அமைப்புக் கட்டுரை வினா ஒன்றும் தந்தருளுமாறு விநயமாய் வேண்டுகின்றேன். அதன்பின் அதனை வாசிக்க எவரும் துணியார்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
வெள்ளவத்தை வாசகன்