மூணு மார்க் கூட

மாசக் கடைசி வந்துவிட்டது. நள்ளிரவு தொடக்கம் எரிபொருள் விலை மாறுகிறதாம். இனி இரண்டு நாளைக்குப் பதுளையில் வேறு பேச்சு எடுபடாது. விலை ஏறியதா இறங்கியதா என்பதல்ல பேச்சு, அது அமைச்சர் பாடு. தொண்ணூற்றிரண்டா, தொண்ணூற்றைந்தா என்பதுதான் பேச்சு. இதற்கென்றே குடும்பத்துக்கு ஒரு மச்சான் நேர்ந்து விடப்பட்டிருக்கிறார். அவரிடம் சொந்த வண்டி இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முன்சீற்றில் இடம் கிடைத்தால் போதும். "தொண்ணூத்தஞ்சு அடிங்க மச்சான், எல்ல ஏத்தத்துல வண்டி சும்மா அள்ளிக்கிட்டுப் போவும்" என்பார். ஏற்றத்தில் வண்டி அள்ளிக்கொண்டு போகவில்லை என்றால் முன்பு அடித்த தொண்ணூற்றிரண்டு இன்னும் தாங்கியின் அடியில் கிடக்கிறதாம். வாதத்தில் அவரை வென்றவர் எவரும் ஊவாவில் இல்லை. நான் வெல்லப் பார்க்கிறேன். இந்தக் கட்டுரை முடிவதற்குள், மலையில் ஓடும் வண்டிக்கு 95 அடிப்பது லாபமா நட்டமா என்று ரூபா சதம் பிசகாமல் கணக்குக் காட்டிவிடுவதாக வாக்குக் கொடுக்கிறேன்.

குழப்பத்தின் வேர் அந்த எண்ணில்தான் இருக்கிறது. நூற்றுக்கு என்று ஓர் எண்ணைக் கண்டால் நமக்கு அது மார்க். 92 எடுத்த பிள்ளையைவிட 95 எடுத்த பிள்ளை கெட்டிக்காரன், அவனுக்குக் கூடுதலாகச் செலவழிப்பது பெற்றவர் கடமை. ஒக்டேன் எண்ணோ கெட்டித்தனத்துக்கான மார்க் அல்ல, பொறுமைக்கான மார்க். எஞ்சினுக்குள் பெற்றோலும் காற்றும் சேர்ந்து நசுக்கப்படும்போது, பிளக் பொறி மூட்டிய தீ வந்து சேரும்வரை தானாகத் தீப்பற்றாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் அது அளக்கிறது. அளப்பதற்கென்று ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்று உண்டு. எவ்வளவு நசுக்குவது என்பதை அதில் கூட்டிக் குறைக்கலாம். ஐசோ ஒக்டேன் என்ற திரவத்துக்கு 100, ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0 என்று வைத்துக்கொண்டு, நம் பெற்றோல் இந்த இரண்டின் எந்தக் கலவையைப் போல நடந்துகொள்கிறது என்று பார்க்கிறார்கள். அவ்வளவுதான் சோதனை. சக்தி எவ்வளவு, சுத்தம் எவ்வளவு, எல்ல ஏற்றத்தை எத்தனை நிமிடத்தில் ஏறும் என்பதெல்லாம் அந்தப் பரீட்சையில் கேட்கப்படாத கேள்விகள். லீற்றருக்கு லீற்றர் இரண்டிலும் அடங்கியிருக்கும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றே. நசுக்கினாலும் கோபப்படாத பெற்றோல் வேண்டியது கடுமையாக நசுக்கும் எஞ்சினுக்கு. மென்மையாக நசுக்கும் எஞ்சினுக்கு அதை ஊற்றுவது, கேட்காத கேள்விக்கு விடை எழுதிக் கொடுப்பது போல.

உலகத்தில் வேறு யாருக்கு இது புரியாவிட்டாலும் நமக்குப் புரிய வேண்டும். ஏனென்றால் நூற்றைம்பது வருடமாக நாம் இதே வேலையைத் தேயிலையில் செய்து வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். ஒரே மலை, ஒரே நாள், ஒரே கைகள் பறித்த கொழுந்து. ஸ்டோருக்கு வருகிறது, வாடுகிறது, ரோலரில் உருள்கிறது, புளிக்கிறது, அடுப்புக் காற்றில் காய்கிறது. கடைசியில் சல்லடை மேல் விழுகிறது. சல்லடை ஆடுகிறது. பெரிய கண்ணில் தங்கியதற்கு ஒரு பெயர், சின்னக் கண்ணில் தங்கியதற்கு ஒரு பெயர், எதிலும் தங்காமல் கீழே விழுந்ததற்கு டஸ்ட். ஒரேஞ்ச் பெக்கோ என்றால் நீளமாகச் சுருண்ட இலை. புரோக்கன் ஒரேஞ்ச் பெக்கோ என்றால் அது உடைந்தது. அதற்குப் பின்னால் ஃபேனிங்ஸ் சேர்ந்தால் இன்னும் பொடிந்தது. அளவு, வெறும் அளவு. ஒரேஞ்ச் பெக்கோவில் தோடம்பழம் இல்லை. பெக்கோ என்பதும் கொழுந்தின் நுனியில் உள்ள வெள்ளைப் பூமயிரைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து வந்தது. தாழ்நாட்டுத் தேயிலையில் ஒரு ரகத்துக்கு ஃபிளவரி புரோக்கன் ஒரேஞ்ச் பெக்கோ ஃபேனிங்ஸ் எக்ஸ்ட்ரா ஸ்பெஷல் என்று பெயர். ராஜராஜனின் மெய்க்கீர்த்தி கூட இவ்வளவு மூச்சு வாங்காது. இவ்வளவு பெயரும் ஒரு கம்பி வலையின் கண்ணுக்கு. இலண்டனில் ஒருவர் தகர டப்பாவைத் திருப்பி ஒரேஞ்ச் பெக்கோ என்ற எழுத்தைப் பார்த்து, இது உயர்ந்த தேயிலை என்று கூடுதல் காசு கொடுத்தால் நாம் சிரிக்கிறோம். பாவம், சல்லடைக்குக் காசு கொடுக்கிறான். கடைத்தெருவில் கண்ணாடிக் கிளாசில் வரும் பிளேன்டீ அநேகமாக டஸ்ட்தான். நல்ல மலையின் டஸ்ட் மட்டமான மலையின் ஒரேஞ்ச் பெக்கோவைத் தூக்கி அடிக்கும் என்பது கிளாசைக் கையில் பிடித்தவனுக்குத் தெரியும். சரி, ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி மணம் எங்கிருந்து வருகிறது? ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி இறங்கி வீசும் வறட்டுக் காற்றிலிருந்து. காற்று கொழுந்தை வாட்டி வதைக்கிறது, கொழுந்து சுருங்கிக்கொண்டு மணத்தைச் சேர்க்கிறது. கொழும்பு ஏலத்தில் அந்த மூன்று மாதத் தேயிலைக்குத் தனி மவுசு. மணம் காற்றுக்குச் சொந்தம், பெயர் சல்லடைக்குச் சொந்தம். இதையெல்லாம் அறிந்த ஓர் ஊர், பெற்றோல் செட்டில் இரண்டு எண்ணைக் கண்டதும் இலண்டன்காரன் ஆகிவிடுகிறது. அவனாவது பார்க்காத மலையின் தேயிலையை வாங்குகிறான். நாம்… சரி, தேயிலையை விட்டுவிடுகிறேன். பெற்றோலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

மச்சானின் பெரிய ஆயுதம் மலை. "இது கொழும்பு இல்ல, மலை. மலைக்கு நல்ல பெற்றோல் வேணும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. விஷயமோ தலைகீழ். உயரப் போகப் போகக் காற்று மெலிகிறது. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து 680 மீற்றர் அளவில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் சுமார் 92 சதவீதம். (ஆமாம், நம் ஊர்க் காற்றும் தொண்ணூற்றிரண்டுதான். தொண்ணூற்றைந்து வேண்டுமென்றால் ஊரையே கீழே இறக்க வேண்டும்.) 1,400 மீற்றருக்கு மேல் இருக்கும் அப்புத்தளையில் அது ஏறக்குறைய 84. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவு குறைந்த காற்றைத்தான் இழுக்கிறது. காற்றுக் குறைந்தால் சிலிண்டருக்குள் நசுக்கலின் கடுமையும் குறைகிறது, ஆகவே பெற்றோலின் பொறுமைக்கு வேலையும் குறைகிறது. கொலராடோ, யூட்டா போன்ற அமெரிக்க மலை மாநிலங்களில் சாதாரண பெற்றோலின் எண் நாட்டின் மற்ற இடங்களைவிட இரண்டு குறைவு. மற்ற இடத்தில் 87, மலையில் 85. அவர்கள் எண்ணும் முறை வேறு, அவர்களுடைய 87 நம்முடைய 92 மாதிரி. அது கார்பரேட்டர் காலத்துப் பழக்கம், கணினி வைத்த புது வண்டிக்கு ஒத்துவராது என்று அங்கே இன்று குறை சொல்கிறார்கள், அதுவும் சரியாக இருக்கலாம். ஆனால் மலைக்குக் கூட்டித்தான் அடிக்க வேண்டும் என்று அங்கே எந்த மச்சானும் சொன்னதாகத் தெரியவில்லை. பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும்போது வண்டி இழுக்காமல் முனகுவது உண்மைதான். அது முனகுவது பெற்றோலுக்கு அல்ல, காற்றுக்கு. செட்டில் காற்றும் இருக்கிறது, டயருக்கு மட்டும். ஒக்டேன் கூடுதலாகக் கேட்கக்கூடிய இடம் ஊவாவில் உண்டென்றால் அது மலை இறங்கி வெல்லவாய, மொனராகலைப் பக்கத்து வெயில். அங்கே போகும்போது மச்சான் தூங்கிக்கொண்டு வருவார்.

ஏற்றத்தில் நாலாம் கியரில் கால் முழுக்க மிதித்தால் எஞ்சினுக்குள் சில்லறைக் காசைக் குலுக்கிய மாதிரிச் சத்தம் வருமே, அதற்கு என்ன பதில் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பெற்றோல் பொறுமை இழக்கும் சத்தம் அதுவே, 95 அதைக் கொஞ்சம் தள்ளிப்போடவும் செய்யும். இரண்டாம் கியரும் தள்ளிப்போடும். இரண்டாம் கியர் இலவசம்.

அப்படியானால் 95 யாருக்குத்தான் என்றால், எண்ணெய் மூடியில் 95 என்று எழுதியிருக்கும் வண்டிக்கு. டர்போ வைத்த ஐரோப்பிய வண்டிகள் பல அந்த இனம். அவற்றுக்கு மலைக் காற்றின் மெலிவும் பொருட்டில்லை, டர்போ அதை ஈடுகட்டிவிடும். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் நம் தெருவில் ஓடுவது எது? விட்ஸ், அக்வா, வெகன் ஆர், அக்ஸியோ. பெரும்பாலும் ஜப்பானில் ஒருவர் ஓட்டி அலுத்து அனுப்பியவை. ஜப்பானியத் தரநிலைப்படி அங்கே சாதாரண பெற்றோல் என்பது 89க்குக் குறையாத ஒக்டேன், உயர் ரகம் என்பது 96க்குக் குறையாதது. 89 குடித்து வளர்ந்த பிள்ளைக்கு நாம் 92 கொடுப்பதே விருந்து. எண்ணெய் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், பலதில் வெயில் பட்டு ஓரம் சுருண்டிருக்கும். ஈயம் கலக்காத சாதாரண பெற்றோல் என்று அதில் பளிச்சென்று எழுதியிருக்கிறது, ஜப்பானிய எழுத்தில். வண்டியின் ஜாதகமே மூடிக்குள் இருக்கிறது. நமக்கு வாசிக்கத் தெரியாததால் மச்சானிடம் குறி கேட்கிறோம். 95க்கு யூரோ 4 என்ற பட்டமும் இருக்கிறதே என்றால், இருக்கிறது, அது வெறும் பட்டமும் அல்ல. கந்தகம் குறைவு என்பது அதன் பொருள். அதன் பலன் பெரும்பாலும் ஏற்றத்தில் நமக்குப் பின்னால் புகையை விழுங்கிக்கொண்டு நடந்து வருபவர்களுக்கு. அவர்களை நினைத்து 95 அடிப்பதாக எவராவது சொன்னால் இந்தக் கட்டுரையை அப்படியே கிழித்துப் போடுகிறேன்.

கணக்குக்கு வருகிறேன். அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. என்ற வாகனச் சங்கம் 2016இல் சாதாரண பெற்றோலுக்கென்று செய்த வண்டிகளில் உயர் ரகத்தை ஊற்றிச் சோதித்தது. வலுவிலும் சரி, மைலேஜிலும் சரி, சொல்லும்படியாக ஒன்றும் கூடவில்லை. தேவையே இல்லாமல் உயர் ரகம் அடித்து அந்த நாட்டவர் ஒரே வருடத்தில் 210 கோடி டொலருக்கு மேல் வீணாக்கினார்கள் என்றது. அங்கும் மச்சான்மார் உண்டு. மறு வருடம், உயர் ரகம் அடித்தால் நல்லது என்று கம்பனியே பரிந்துரைக்கும் வண்டிகளைச் சோதித்தது. சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதம் கூடியது. இனி நம் பக்கம். 2021 டிசம்பரில் 92 லீற்றர் 177 ரூபா, 95 லீற்றர் 207. 2022 ஜூன் கடைசியில் 470, 550. வித்தியாசம் 30 ரூபாவிலிருந்து 80 ஆகியது, விகிதமோ இரண்டு தடவையும் 17 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டே நின்றது. நாடே கவிழ்ந்தபோதும் கவிழாமல் நின்ற ஒரே விகிதம் இதுவாகத்தான் இருக்கும். 17 கொடுத்து, அதுவும் அதிர்ஷ்டமிருந்தால், 2.7 வாங்குவது. அந்த 2022இல் வரிசையில் நின்றபோது யாராவது தொண்ணூற்றிரண்டா தொண்ணூற்றைந்தா என்று கேட்டார்களா? எது இருந்ததோ அதை அடித்தார்கள், சில இடங்களில் இல்லாததற்கும் வரிசையில் நின்றார்கள். எந்த எஞ்சினும் முகம் சுளிக்கவில்லை. மச்சானும் வாய் திறக்கவில்லை. அந்த 80 ரூபாவை 40 லீற்றர் தாங்கியால் பெருக்கினால் 3,200. தோட்டத்தில் அன்றைய நாட்சம்பளம் 1,000 ரூபா. அதாவது மூன்று நாள் முழுப்பேருக்கு, முழு நாட்சம்பளத்துக்கு மேல், ஓர் எண்ணுக்காக. கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர் போட்டால் ஆறு நாளுக்கும் மேல்.

அதே வருடம் ஆகஸ்ட் 21ஆம் திகதி இரவு மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது, ஒரே தாண்டலில். தோட்ட லயத்தில் அடுப்பெரிக்கும் எண்ணெய் அது, கரண்ட் போன இரவில் பிள்ளை பாடம் படிக்கும் விளக்குக்கும் அதுதான். அதில் 92, 95 என்று பிரிவு கிடையாது, ஆகவே அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல யாரிடமும் எதுவும் இல்லை. யூரோ 4 இல்லை, சுப்பர் இல்லை, பட்டம் எதுவுமே இல்லாமல் 253 ரூபா ஏற முடிந்த ஒரே எண்ணெய்.

லாபமா நட்டமா என்று சதக் கணக்குக் காட்டுவதாகச் சொன்னேன். மணி பன்னிரண்டாகட்டும், பழைய விலைக்குக் கணக்குப் போட்டு என்ன பயன்? இதோ, செய்தி வாசிக்கிறார்கள். முதலில் தொண்ணூற்றிரண்டு, பிறகு தொண்ணூற்றைந்து, பிறகு டீசல், சுப்பர் டீசல். மண்ணெண்ணெய் கடைசியில் வரும். அது வருமுன்னே மச்சான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்புகிறார்.