சந்தாதாரர் நேரில் வர வேண்டும்

எங்கள் குடும்பத்தில் யாருடைய சிம்மும் அவரவர் பெயரில் இல்லை. என் நம்பர் மச்சான் பெயரில் இருக்கிறது. மச்சானுடையது அவருடைய பழைய முதலாளி பெயரில். சாத்தூர் மாமா பேசுவது அம்மா பெயரில் உள்ள நம்பரில். அம்மா பேசுவது அப்பா பெயரில் உள்ள நம்பரில். அப்பா காலமாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன.

இதில் மோசடி ஒன்றும் இல்லை. கோவில்பட்டியில் ரோட்டோரம் குடை விரித்து, ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, சிம் கார்டை ஏறக்குறைய இனாமாக விநியோகித்த காலம் ஒன்று இருந்தது. அன்றைக்கு யார் சட்டைப் பையில் ரேஷன் கார்டு ஜெராக்ஸும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் இருந்தனவோ அவர் பெயரில் வாங்கினோம். யாருக்குத் தேவையோ அவர் எடுத்துக்கொண்டார். கேஸ் இணைப்பும் வீட்டு மின் இணைப்பும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. அவருக்கு வாரியம் இதுவரை மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

செல்போன் கம்பெனி அப்படி இல்லை என்பது அம்மாவின் போன் துணி ஊறப்போட்ட வாளியில் விழுந்த அன்று தெரிந்தது. போன் மொட்டைமாடி வெயிலில் காய்ந்து எழுந்துவிட்டது. பட்டன் போன், கெட்டி உயிர். சிம் எழவில்லை.

புது நம்பர் வாங்கினால் என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு நம்பர் மாற்றிய அனுபவம் இல்லை. சிலிண்டர் பதிவு, ரேஷன் கடைக் குறுஞ்செய்தி, பாங்குக் கணக்கு, ஆதார் எல்லாமே பழைய நம்பரில். அதை மாற்றப் போனால் ஒவ்வோரிடத்திலும் "பழைய நம்பருக்கு ஓடிபி போகும்" என்பார்கள். தவிர, அம்மா ஒரே வார்த்தையில் விவாதத்தை முடித்துவிட்டாள். "அது உங்கப்பா நம்பரு."

ஷோரூமில் குளிர்சாதனம் ஓடியது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட தம்பி ஒருவர் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒரு ஜென்ட்ஸ் பேர்ல இருக்கு சார். சப்ஸ்கிரைபர் நேர்ல வரணும்" என்றார்.

"அவர் இறந்துட்டாருங்க."

"ஓ, சாரி சார்." உண்மையாகவே வருந்தினார். திரையை மேலும் கீழும் தள்ளினார். "ஒரு தடவை வந்துட்டுப் போனாப் போதும் சார். லைவ் போட்டோ எடுத்துருவோம்."

அம்மா என் பக்கம் திரும்பி, "அவரு இருந்தப்பவே கூப்பிட்ட எடத்துக்கு வந்ததில்ல" என்றாள்.

தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கம்ப்யூட்டரில் சந்தாதாரர் வந்து சேருவதற்குப் பெட்டி இருந்தது, போய்ச் சேருவதற்கு இல்லை. வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டுப் பேசுங்கள் என்று கைகாட்டினார்.

அங்கே ஒரு பெண் குரல். நல்ல தமிழ். ஆனால் அந்தத் தமிழை நான் வேறெங்கும் கேட்டதில்லை. "தங்களின் விவரங்களைச் சரிபார்த்துக்கொள்ளலாமா சார்?" இந்த எண்ணிலிருந்து அடிக்கடி அழைக்கப்படும் எண்கள் சிலவற்றைச் சொன்னால், எண்ணைப் பயன்படுத்துபவர் நாங்கள்தான் என்பது உறுதியாகுமாம். மிகச் சுலபம் என்று நினைத்து என் நம்பரை முதலில் சொன்னேன்.

"இந்த எண் பட்டியலில் இல்லை சார்."

"மகன் நம்பர்ங்க. நல்லாப் பாருங்க."

"இல்லை சார். வேறு எண் இருக்கிறதா?"

அம்மா எனக்கு மிஸ்டு கால்தான் கொடுப்பாள். இரண்டு ரிங் விட்டு வைத்துவிடுவாள், நான் திருப்பிக் கூப்பிட வேண்டும். மாதச் சந்தாவில் எத்தனை கால் வேண்டுமானாலும் இலவசம் என்று எடுத்துச் சொல்லியும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. மிஸ்டு காலுக்குப் பில் கிடையாது, பில் இல்லாத பாசத்துக்குப் பதிவும் கிடையாது. கடைசியில் பட்டியலில் இருந்தது பூக்கார அக்காவின் நம்பர். இன்னொன்று, டிவி சீரியலில் ஒரு நாள் விட்டுப்போனால் கதை கேட்பதற்கு வைத்திருக்கும் எதிர்வீட்டுப் பெரியம்மாவின் நம்பர். இருவருமாக அம்மாவுக்குச் சாட்சி சொன்னார்கள். பெற்ற பிள்ளை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்தது பெயர் மாற்றம். இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள், கொடுத்தோம். சான்றிதழில் இருப்பவரும் சந்தாதாரரும் ஒரே ஆள் இல்லை என்று பதில் வந்தது. தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நமக்கு இருப்பது ஒரு பெயரும் அதற்கு முன்னால் ஒரு எழுத்தும். விண்ணப்பம் கேட்பது முதல் பெயரும் கடைசிப் பெயரும். யாரோ ஒரு புண்ணியவான் அன்றைக்குக் குடைக்கடியில் உட்கார்ந்து இனிஷியலை விரித்து எழுதி, எது யார் பெயர் என்று குழம்பி, தாத்தாவின் பெயரை முன்னால் போட்டுவிட்டார். கம்பெனி அப்பாவை இத்தனை வருஷமும் தாத்தா பெயரைச் சொல்லித்தான் விளித்திருக்கிறது. ஊருக்குச் செல்போன் வருமுன் போய்ச் சேர்ந்த மனிதருக்கு, அன்புள்ள வாடிக்கையாளரே, இன்றே ரீசார்ஜ் செய்து தினம் 1.5 ஜிபி பெறுங்கள் என்று தீபாவளிதோறும் சலுகை வந்திருக்கிறது.

அம்மாவுக்கு இனிஷியலே இரண்டு. கல்யாணத்துக்கு முன் அவளுடைய அப்பாவின் எழுத்து, பின்பு என் அப்பாவின் எழுத்து. பெயரின் பின்பாதி லட்சுமி. ரேஷன் கார்டில் அது லெட்சுமி, எங்கள் பக்கத்து உச்சரிப்பு. ஆதாரில் இலட்சுமி, யாரோ தமிழாசிரியர் கைவண்ணம். பிறந்த தேதி ஜனவரி 1. அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் ஜனவரி முதல் தேதியில்தான் பிறந்திருக்கிறார்கள். அரசாங்கத்துக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை.

இடையில் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். 2017 பிப்ரவரியில், செல்போன் வைத்திருப்பவர்கள் எல்லோருடைய அடையாளத்தையும் ஓராண்டுக்குள் சரிபார்க்க வேண்டும் என்ற விஷயம் உச்ச நீதிமன்றத்தில் வந்தது. மார்ச் மாதம் தொலைத்தொடர்புத் துறை அதை ஆதாரோடு முடிச்சுப் போட்டுச் சுற்றறிக்கை விட்டது. ஊரே கடை வாசலில் நின்று விரல் வைத்தது. இணைக்காவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று தினமும் குறுஞ்செய்தி. அப்பா அசையவில்லை. "கோர்ட்டுல கேசு நடக்குல்ல, பொறு" என்பார். எதையுமே கடைசித் தேதிக்குப் பிறகு செய்கிறவர். கடைசித் தேதி தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. 2018 செப்டம்பர் 26 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்ந்த அரசியல் சாசன அமர்வு அந்தச் சுற்றறிக்கை செல்லாது என்றது. அப்பாவின் சோம்பலுக்கு உச்ச நீதிமன்றமே ஒப்புதல் கொடுத்த ஒரே சந்தர்ப்பம் அது. பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு தெருவில் ஒரு நடை போய்வந்தார்.

அந்தப் பெருமிதத்தின் பலனை இப்போது நாங்கள் அனுபவித்தோம். பழைய காகித விண்ணப்பத்தைத் தவிர அப்பா யார் என்பதற்குக் கம்பெனியிடம் எந்தத் தடயமும் இல்லை. வாரிசுச் சான்றிதழ், என்னுடைய ஆட்சேபமின்மைக் கடிதம், அக்காவின் ஆட்சேபமின்மைக் கடிதம் என்று ஒரு கட்டு சேர்ந்தது. கொஞ்சம் தாராள மனசு இருந்தால் இதே காகிதங்களை வைத்து நிலம் பத்திரம் பண்ணிக்கொடுத்திருக்கலாம்.

ஒருவழியாக, அம்மா பெயருக்கு மாற்றலாம், கைரேகை வைத்தால் போதும் என்ற நிலை வந்தது.

அம்மாவின் விரல்களைப் பற்றி நான் அதுவரை யோசித்ததில்லை. சின்ன வயதில் தீக்குச்சி அடுக்கினாள், பெட்டி ஒட்டினாள். எங்கள் ஊரில் அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்கும் அதுதான் வேலை. பிறகு சாம்பலும் தேங்காய் நாருமாகப் பாத்திரம், சலவைக் கல், ஆட்டுக்கல். ரேகைக் கருவி பார்ப்பது கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகக் கிளைக்கின்றன என்பதை. அம்மாவின் பெருவிரல் வெண்கலக் கும்பா மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தது. கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது. பொருந்தவில்லை. "சேலையில துடைச்சிட்டு வைங்க பாட்டி." பொருந்தவில்லை. "தலையில தேய்ச்சு, எண்ணெப் பசையோட வைங்க." வைத்தாள். பக்கத்துக் கடையிலிருந்து டீ வாங்கிவரச் சொல்லி, சூடான கிளாஸைப் பிடிக்க வைத்து, அந்த விரலை வைக்கச் சொன்னார் தம்பி. பத்து விரலும் பார்த்தாயிற்று. கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க என் விரலை வைத்தார்கள். ரேகை கண்ணாடியில் பளிச்சென்று விழுந்தது.

அம்மா அதை எட்டிப் பார்த்தாள். "வேலை செஞ்சிருந்தாத்தான தேயும்" என்றாள்.

இந்த இடத்தில் எனக்குக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் ஞாபகம் வந்தது. 2020இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் மண்ணில் விளைந்த நிலக்கடலை, வெல்லப் பாகு, தாமிரபரணித் தண்ணீர் என்று தன் பிறப்பு வளர்ப்பை எல்லாம் எடுத்துச் சொல்லி, நான் நான்தான் என்று மத்திய அரசிடம் சான்றிதழ் வாங்கிவிட்டது. அதே மண், அதே தண்ணீர்தான் அம்மாவுக்கும்.

கைரேகை விழாவிட்டால் ஆதாருக்கு ஓடிபி போடலாம் என்றார் தம்பி. ஆதாரோடு இணைந்த நம்பர் எது என்று நான் சொன்னதும் அந்தப் பேச்சை அவரே விட்டுவிட்டார். பிறகுதான், இத்தனைக்கும் பிறகுதான், "அட்டையைப் போட்டோ எடுத்துப் பண்ற முறை ஒண்ணு இருக்கு சார்" என்றார். அட்டையைப் படம் பிடித்தார். அம்மாவை வெள்ளைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, போனை முகத்துக்கு நேரே நீட்டி, "கண்ணைச் சிமிட்டுங்க பாட்டி" என்றார். உயிருள்ள ஆளா, போட்டோவைக் காட்டி ஏமாற்றுகிறோமா என்று தெரிவதற்காக.

"இந்த வயசுல கண்ணடிக்கச் சொல்லுதான்" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைச் சமாதானப்படுத்திச் சிமிட்ட வைப்பதற்குள் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிமிட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடைசிப் படி, உறவினர் ஒருவரின் மாற்று எண்ணுக்கு வரும் ஓடிபி. என் நம்பரைக் கொடுத்தேன். வந்தது, சொன்னேன், பச்சை விளக்கு. ஆக, என் தாய் இன்னார்தான் என்பதற்கு இறுதிச் சான்று அளித்தது என் மச்சான் பெயரில் உள்ள சிம்.

புது சிம்மில் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது, போகாது. வேறு யாராவது நம் நம்பரில் சிம் எடுத்து ஓடிபியைப் பறித்துவிடாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. இந்த விதியை மட்டும் நான் மனசாரப் பாராட்டுகிறேன். எத்தனையோ பேருடைய கணக்கு இப்படிக் காலியாகியிருக்கிறது. அம்மாவுக்கும் இதில் ஆட்சேபம் இல்லை, குறுஞ்செய்தி வரவில்லை என்பதே அவளுக்குத் தெரியாது.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம் மேடம். புதிய இணைப்புக்கான சரிபார்ப்பு அழைப்பு. தங்கள் பெயரை உறுதி செய்ய முடியுமா?"

"நீ யாருய்யா?"

அவன் கம்பெனி பெயரைச் சொன்னான்.

"அது கம்பெனி. நீ யாரு? எந்தூரு?"

கொஞ்சம் தயங்கி, "சென்னையிலிருந்து பேசுகிறேன் மேடம்" என்றான்.

"இருக்கிற ஊரைக் கேக்கல. சொந்த ஊரு."

அந்த மேடைத் தமிழ் அங்கேதான் உடைந்தது. "கழுகுமலைப் பக்கம், பாட்டி."

எங்கள் பக்கம் இந்தக் கேள்விகள் வரிசையாகப் போய் எந்தக் கேள்வியில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். போனை வாங்கக் கை நீட்டினேன். அம்மா நகர்த்தி வைத்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது வேறு.

"கழுகுமலைன்னு யாரு வேணா சொல்லலாம். மலை மேல வெட்டுவான் கோயில் இருக்குல்ல, அது முடிச்ச கோயிலா, முடிக்காம விட்ட கோயிலா?"

"முடிக்காம விட்டது பாட்டி. பாதிப் பாறையில நிக்கும்."

"உங்கப்பா என்ன பண்ணுதாரு?"

சொன்னான். அம்மா பெயர், அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர், பங்குனி உத்திரத்துக்கு லீவு கிடைக்காதது, ஹாஸ்டல் சாப்பாடு எல்லாம் சொன்னான். அம்மா உம் கொட்டிக் கேட்டாள். வெயிலில் அலையாதே, மோர் குடி என்றாள். அவன் குரல் நன்றாக இளகியிருந்த நேரத்தில், கடமை ஞாபகம் வந்து, "பாட்டி, உங்க பிறந்த தேதியை மட்டும் சொல்லிட்டீங்கன்னா நான் முடிச்சுருவேன்" என்றான்.

"அதெல்லாம் போன்ல கேக்கறவங்ககிட்டச் சொல்லக் கூடாதுய்யா, பேங்குல எழுதி ஒட்டியிருக்கான்" என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டாள்.