மூக்கண்டப்பள்ளி மசில் காரும் முச்சங்க மரபும்

மசில் கார் அமெரிக்காவுக்கு மட்டுமே உரியது என்றொரு மயக்கம் அறிவுலகில் நிலவுகிறது. ஓசூர் மாநகராட்சிக்குள் வரும் மூக்கண்டப்பள்ளியில், சிப்காட் தொழிற்பேட்டை மதிலை ஒட்டிய தெரு ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தால் அந்த மயக்கம் தெளியும். ஒரு வீட்டு வாசலில் யாரோ கிக்கரை உதைக்கிறார்கள். எஞ்சின் பிடித்ததும் நீலப் புகை தெருவை மூடுகிறது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் கொடியிலிருந்து வெள்ளை வேட்டியை மட்டும் உருவிக்கொண்டு உள்ளே ஓடுகிறார். ஆய்வுக்கு இதைவிட நல்ல களம் கிடைக்காது.

முதலில் இலக்கணம். மசில் கார் மரபின் ஆதிநூலாகப் பலரும் ஒப்புக்கொள்வது 1964இல் வந்த பாண்டியாக் ஜிடிஓ. நடுத்தர அளவுக் காரின் உடம்பில் 6.4 லிட்டர் வி8 எஞ்சினை வைத்தார்கள். சாதாரண வகைக்கே 325 குதிரைத்திறன். சம்பளக்காரர் வீட்டுப் பையனுக்கும் எட்டுகிற விலை. ஹாட் ராட் அதற்கும் மூத்தது. 1932இல் ஃபோர்டு நிறுவனம் 65 குதிரைத்திறன் வி8 காரை மலிவாக விற்றது. அதன் பழைய வண்டிகளை வாங்கிய தெற்குக் கலிஃபோர்னியா இளைஞர்கள் மட்கார்டைக் கழற்றினார்கள், பானெட்டைக் கழற்றினார்கள், கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிவிட்டு வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். இந்தப் பித்துக்கென்றே 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ என்ற பத்திரிகை தொடங்கியது. ஆக, இலக்கணம் இரண்டே அடி: எடையைக் குறை, எஞ்சினை ஏற்று. வீட்டார் திட்டுவதை மூன்றாவது அடியாகச் சேர்க்கலாம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

இந்த இலக்கணத்துக்கு இந்தியாவில் கார்வழி இலக்கியம் பிறக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் வைத்திருந்த கார் கோர்க்கும் ஆலையை 1954இல் மூடிவிட்டது. ஜிடிஓ அமெரிக்காவில் சீறிக் கிளம்பிய 1964இல் நம் சாலையில் அம்பாசடர், பியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஆகிய மூன்றும்தான் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தன. இருபது ஆண்டு கழித்து, 1984இல், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெஸ்ஸா வந்தது. நீண்ட மூக்கு, அகன்ற தோள். ‘இந்தியாவின் மசில் கார்’ என்று இன்றும் ரசிகர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். பானெட்டைத் திறந்தால் உள்ளே ஏறக்குறைய 50 குதிரைத்திறன் எஞ்சின். பயில்வான் உடம்புக்குள் பள்ளிக்கூட வாத்தியார். பின்னாளில் இசுசு எஞ்சின் வந்து மானத்தைக் காப்பாற்றியது வேறு கதை.

ஆகவே தோற்றத்தை நம்பாமல் ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைத்திறன் என்று கணக்கிடுவதே முறையானது. ஜிடிஓவின் எடை ஏறக்குறைய 1,570 கிலோ. டன்னுக்கு 207 வருகிறது. தொடக்கக்காலக் கான்டெஸ்ஸாவை 1,200 கிலோ என்று வைத்தால் 42. இப்போது இரண்டு சக்கரத்துக்கு வருவோம். 98 சிசி யமஹா ஆர்எக்ஸ் 100 தருவது 11 குதிரைத்திறன், எடை 103 கிலோ, டன்னுக்கு 107. எஸ்கார்ட்ஸ் 1983இல் விற்பனைக்கு விட்ட ராஜ்தூத் 350, அதாவது இந்தியாவுக்கென்று அடக்கி வாசிக்கப்பட்ட யமஹா ஆர்டி 350, அதன் வலுவான வகையில் 30.5 குதிரைத்திறன் தந்தது. எடை சுமார் 150 கிலோ. டன்னுக்கு 203! அமெரிக்க ஆதிநூலைவிட நாலே மதிப்பெண் குறைவு.

ஓட்டுகிறவரின் எடையைச் சேர்த்தால் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும் என்று ஒரு மறுப்பு எழலாம். எழும். 70 கிலோ ஆள் ஏறினால் ஜிடிஓவுக்கு உறைக்காது. ஆர்எக்ஸ் 100 சட்டென்று 64க்கு இறங்கிவிடும். எனவே ஓட்டுநரைச் சேர்க்காமல் கணக்கிடுவது இவ்வாய்வின் நெறிமுறை. வண்டியை விரும்புகிறவர்கள் பெரும்பாலும் அதை ஓட்டுவதில்லை, துடைக்கிறார்கள் என்பதால் இந்த நெறிமுறை கள உண்மைக்கும் பொருந்துகிறது.

இனி மரபு. மூக்கண்டப்பள்ளி மாதிரிக் குடும்பம் என்று இங்கே குறிப்பது எந்த ஒரு வீட்டையும் அல்ல. தாத்தா, அப்பா, மகன் என மூன்று தலைமுறையும் வாசலில் ஒரு பழைய வண்டியும் கொண்ட வீடுகளின் பொதுவடிவம். இவ்வீடுகளின் வண்டி வரலாற்றை முச்சங்கமாகப் பகுக்கலாம்.

முதற்சங்கம் மைசூரில் இருந்தது. 1961 முதல் ஐடியல் ஜாவா ஆலை அங்கே 250 சிசி வண்டிகளைச் செய்தது. பின்னர் அவை எஸ்டி என்று பெயர் மாற்றிக்கொண்டன. இரண்டு பக்கமும் சைலன்சர், கிக்கராகவும் கியராகவும் வேலை பார்க்கும் ஒரே கம்பி. தாத்தாக்கள் இக்காலத்தவர். அந்த ஒற்றைக் கம்பியின் சிக்கனத்தைப் பற்றி இன்றும் அரை மணி நேரம் பேசுவார்கள்.

இடைச்சங்கம் ஓசூரிலேயே கூடியது. 1980இல் டிவிஎஸ் 50 இங்கே பிறந்தது. 1984இல் சுசுகியுடன் சேர்ந்து இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100 வந்தது. அதன் வழியில் சாமுராய், மேக்ஸ் 100, ஷோகன், ஷாவோலின். ஷோகன் போகும்போது திரும்பிப் பார்க்காத கழுத்து அக்காலத்தில் ஓசூரில் இல்லை. 1985இல் வடக்கிலிருந்து ஆர்எக்ஸ் 100 வந்து அவைப்புலவர்களோடு வாதுக்கு நின்றது. அப்பா ஆலையில் ஒரு கம்பெனி வண்டியைச் செய்துகொண்டே வாசலில் எதிர்க்கம்பெனி வண்டியை நிறுத்திய வீடுகளும் உண்டு. அதைக் கொள்கை முரண் என்று யாரும் கருதவில்லை.

பிறகு கடல்கோள். அமெரிக்காவில் 1970இன் தூய காற்றுச் சட்டமும் 1973இன் எண்ணெய் நெருக்கடியும் மசில் கார்களை மூழ்கடித்தன. இங்கே மாசு விதிகள் 1996இல் ஓரலையாகவும் 2000இல் பேரலையாகவும் எழுந்தன. மைசூர் ஆலை மூடியதும் ஆர்எக்ஸ் 100 நின்றதும் அந்த ஒரே 1996இல். 2001இல் டிவிஎஸ்ஸும் சுசுகியும் பிரிந்தன. மாசு விதிகள் இந்த டூ ஸ்ட்ரோக் வண்டிகளை மூழ்கடித்ததன் காரணம் எளிது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு ஆயிலும் எரிகிறது. எரிந்ததை வெளியே தள்ளும்போது எரியாத பெட்ரோலில் கொஞ்சமும் கூடவே தப்பி ஓடுகிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும் என்றால் இது ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கும். வேகம் அதனால்தான், புகை அந்த ஆயிலால்தான்.

கடைச்சங்கத்தில், அதாவது மகன் காலத்தில், புதுநூல் எதுவும் இயற்றப்படவில்லை. உரைகள் மட்டுமே வருகின்றன. அவை ரீல்ஸ் எனப்படும்.

மரபு கையளிக்கப்படும் இடம் வீட்டுப் பின்கட்டு. அப்பா சைலன்சரின் வால்முனை ஸ்குரூவைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஓட்டைக்குழாயைக் குறடால் பிடித்து முறுக்கி இழுக்கிறார். பேஃபிள் என்பது அதன் சாத்திரப் பெயர். குழாயின் மேல் ஆயிலும் கரியும் சேர்ந்து தார்போலப் பிசுபிசுக்கிறது. ஓட்டைகளில் பாதி அடைத்துப்போயிருக்கிறது. தென்னை மட்டைத் தீயில் அதைப் போட்டதும் குழாய்க்குள்ளிருந்து தனியாக ஒரு நெருப்பு நாக்கு நீள்கிறது. குழாய் சிவந்ததும் எடுத்துச் சிமென்ட் தரையில் தட்டினால் கரி ஓடு ஓடாக உதிர்கிறது. மகன் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

“இத மாட்டாமலே உட்டுடலாம்ப்பா. சவுண்டு கிழியும்.”

“சவுண்டும் கிழியும், பிக்கப்பும் கிழியும். போய் அந்த ஸ்குரூவ எடு.”

அப்பா சொல்வது அறிவியல். டூ ஸ்ட்ரோக் வண்டியின் சைலன்சர் வெறும் புகைக்குழாய் அல்ல. அதன் நடு வயிறு பெருத்து வால் சிறுப்பதில் கணக்கு இருக்கிறது. வெளியேறும் அழுத்த அலை வால்பக்கம் முட்டித் திரும்பி வந்து, ஓடப் பார்த்த புதுக் கலவையை சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிட வேண்டும். பேஃபிளைப் பிடுங்கினாலோ குழாயை அறுத்தாலோ இந்தப் போக்குவரத்து குழம்பி, கீழ் வேகத்தில் இழுவை போய்விடும். தெருவுக்குக் கேட்பது வீரம், ஓட்டுகிறவனுக்குக் கிடைப்பது இழுபறி.

இங்கேதான் குடும்பம் இரண்டு கட்சியாகப் பிரிகிறது. அப்பா மூலபாடக் கட்சி. கம்பெனி ஃபிட்டிங் தவிர மற்றதெல்லாம் அவருக்கு இடைச்செருகல். எஞ்சின் நம்பரும் சேஸ் நம்பரும் ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். முதல் தொகுதி ஆர்எக்ஸ் எஞ்சினில் ‘மேட் இன் ஜப்பான்’ எழுத்து இருந்தால் அது ஏட்டுச்சுவடிக்குச் சமம். ஒரு பழைய மீட்டருக்காகப் பெங்களூர் சிவாஜி நகர்ப் பழைய சாமான் சந்தையிலும் சென்னை புதுப்பேட்டையிலும் கடைகடையாக ஏறி இறங்கும் பொறுமை அவருக்குண்டு. ரேஷன் கடை வரிசையில் அது காணப்படுவதில்லை. மகன் பதிப்புரிமையை நம்பாத கட்சி. அகல டயர், வேறு கார்புரேட்டர், போர்ட்டைத் தேய்த்துப் பாலிஷ். நேர்மையாகச் சொன்னால் கலிஃபோர்னிய மரபுக்கு நெருக்கமானவன் அவன்தான். அங்கேயும் விமான ஆலைகளில் லேத் பழகிய கைகள்தான் கொட்டகைகளில் எஞ்சினைக் குடைந்தன. சிப்காட்டில் பகலெல்லாம் மைக்ரான் கணக்கில் உதிரிபாகம் கடையும் பையன், ஞாயிற்றுக்கிழமை தன் பிஸ்டனைச் சும்மா விடுவான் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

சட்டம் அப்பா பக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பறிமுதல் செய்த சைலன்சர்களைக் காவல்துறை வரிசையாகப் படுக்கவைத்து ரோடு ரோலர் ஏற்றும் காட்சியைப் பெங்களூர்க்காரர்கள் கண்டிருக்கிறார்கள். அப்பா அந்தக் காணொளியை மகனுக்கு அனுப்பியிருப்பார் என்று ஊகிக்கலாம்.

ஆனால் அதே சட்டம் அப்பாவையும் அலைக்கழிக்கிறது. 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஐந்தாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. கர்நாடக எல்லைக்கு அப்பால் வாங்கிய ‘கேஏ’ எண் வண்டி என்றால் அத்திப்பள்ளி தாண்டிப்போய் என்ஓசி வாங்குவது தனிப் புராணம். 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதி ஆறுதல்போலத் தோன்றும். 50 வயது நிரம்பிய, அமைப்பு மாறாத வண்டிக்கு மரியாதையாகத் தனி எண் தருகிறது. கூடவே, அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட வேலைக்கு ஓட்டக்கூடாது என்றும் சொல்கிறது. 1961 ஜாவா வைத்திருக்கும் தாத்தா இதைக் கேட்டால் கேட்கும் ஒரே கேள்வி: “சந்தைக்குப் போவாத வண்டி என்னாத்துக்குடா?”

இதுவரை அம்மாவைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை. இத்துறையின் முந்தைய அறிஞர்கள் செய்த அதே பிழை. அம்மாவின் வண்டி டிவிஎஸ் எக்ஸ்எல். 2015இல் எக்ஸ்எல் 100 நான்கு ஸ்ட்ரோக்காக வருவதற்கு முன்பிருந்த 70 சிசி ரகம் 3.5 குதிரைத்திறன் தந்தது. எடை எழுபது கிலோவுக்குள். டன்னுக்கு 50. அதாவது இந்தியாவின் மசில் காரான கான்டெஸ்ஸாவைவிட எட்டு கூடுதல். முன்னால் கேஸ் சிலிண்டர், பின்னால் ராயக்கோட்டைத் தக்காளிக் கூடை, நடுவில் அம்மா, ஹேண்டிலில் தூக்குவாளி. ஆர்எக்ஸ் கிக்கர் பிடிக்காத திங்கட்கிழமைகளில் அப்பாவை ஷிஃப்டுக்குக் கொண்டுபோய் விடுவதும் இதுதான். அதைப் படமெடுத்து யாரும் ரீல்ஸ் போடுவதில்லை. தசை என்பதற்குச் சுமை தூக்குதல் என்றொரு பொருள் இருக்குமானால், மாதிரிக் குடும்பத்தின் மசில் வாகனம் எது என்பதில் இக்கட்டுரைக்கு ஐயமில்லை.

இதற்கிடையே ஊர் வேறு திசையில் போய்விட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இன்று சத்தமில்லாத ஸ்கூட்டர்கள் பிறக்கின்றன: ஓசூரில் டிவிஎஸ் ஐக்யூபும் ஏதரும், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா. மகன்களில் பலருக்கு அங்கேதான் வேலை. பகலில் மின்மோட்டார் பொருத்திவிட்டு மாலையில் டூ ஸ்ட்ரோக் பிளக்கைச் சாக்குத்துணியால் துடைக்கிறார்கள். பழைய வண்டிப் பித்து தொழிலாளர் குடும்பங்களோடு நின்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2020இல் டிவிஎஸ் நிறுவனமே நூற்றாண்டு கண்ட பிரிட்டிஷ் பைக் கம்பெனியான நார்ட்டனை 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. வீட்டில் கேட்டுவிட்டுத்தான் வாங்கினார்களா என்பது தனி ஆய்வுக்குரியது.

முதல் ஆர்எக்ஸ் 100கள் விண்டேஜ் தகுதி பெறுவது 2035இல்தான். அதற்குள் கள ஆய்வு செய்ய விரும்புவோர் மூக்கண்டப்பள்ளிக்குத் தாராளமாக வரலாம். டீ கிடைக்கும், எஞ்சின் நம்பரைத் தடவிப் பார்க்கவும் விடுவார்கள். “வண்டிய குடுப்பீங்களாண்ணா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 1985இல் இருபதாயிரத்துக்குள் வாங்கிய வண்டி இன்று லட்சத்தைத் தாண்டி விலைபோகிறது என்பது அம்மாவுக்கு இன்னும் தெரியாது.