ராத்திரி ஷிப்ட் எந்தத் தேதியில் சேரும்?

வாலாஜாபாத் ரோடு ஒரு பக்கம், திருவள்ளூர் ரோடு மறுபக்கம், நடுவே பெங்களூர் நெடுஞ்சாலை என்று விரிந்து கிடக்கும் சுங்குவார்சத்திரத்தை, காஞ்சிபுரம் போகும் வழியில் பஸ் நின்று கிளம்புகிற ஊர் என்ற அளவில்தான் வெளியூர்க்காரர்கள் ஒரு காலத்தில் அறிந்திருந்தார்கள். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள்; 1998இல் அங்கிருந்து சான்ட்ரோ கார் சாலைக்கு வந்தது. அதன் பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்தன. அப்படி முளைத்த ஒன்றின் ஸ்டோர்ஸில்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

சரக்கு வந்தால் ஜி.ஆர்.என். என்கிற சரக்கு வரவுச் சீட்டு போட வேண்டும், ரேக்கில் தொங்கும் பின் கார்டில் எண்ணிக்கையை எழுத வேண்டும், மாலையில் அத்தனையையும் பாக்ஸ்புரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஏற்ற வேண்டும். மாதக் கடைசியில் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் கிறீச் கிறீச்சென்று ராத்திரி முழுக்கக் கத்தும். காகிதத்தின் இரு ஓரத்திலும் துளை போட்ட பட்டையை ஒரே இழுப்பில் அறுபடாமல் கிழித்தெடுக்கிற சுகம் உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். அந்தப் பட்டையைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் பிள்ளைகளுக்கு ஒரு வாரத்துக்கு விளையாட்டுச் சாமான்.

ஊருக்கு ஊர் மாடிகளில் என்.ஐ.ஐ.டி., ஆப்டெக், எஸ்.எஸ்.ஐ., சி.எஸ்.சி. என்று கணினிப் பயிற்சிப் பலகைகள் தொங்கிய நாட்கள் அவை. காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன வகுப்பில் ஆரக்கிள் டேட்டாபேஸ் கற்கச் சேர்ந்தேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஏசி குளிரில் இரண்டு பேருக்கு ஒரு கணினி என்று உட்கார்ந்து, பயனர் பெயர் ‘ஸ்காட்’, கடவுச்சொல் ‘டைகர்’ என்று தட்டி உள்ளே நுழைவோம். ஆரக்கிளின் தொடக்ககால ஊழியரான புரூஸ் ஸ்காட்டின் பெயரும் அவர் மகளின் பூனைப் பெயரும் அவை என்று பிற்பாடு தெரிந்தபோது, உலகம் முழுக்க ஒரு தலைமுறையே அந்தப் பூனையின் பெயரைச் சொல்லிக் கதவு திறந்திருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

உள்ளே பாடத்துக்கென்று இரண்டு அட்டவணைகள் இருக்கும். ஒன்றில் 14 ஊழியர்கள், மற்றதில் 4 துறைகள். இரண்டையும் துறை எண்ணால் இணைத்தால் மூன்று துறைகள்தான் திரையில் வரும். நான்காவதான பாஸ்டன் ஆபரேஷன்ஸில் ஒருவர்கூட வேலை செய்யாததால் அது சத்தமில்லாமல் மறைந்துபோகும். ஆள் இல்லாத பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு கூட்டல் குறி போட்டால் அந்தக் காலி அலுவலகமும் வெளியே வரும். சாதாரணமாக இணைத்த பட்டியலில் இல்லாதது கண்ணுக்கே படாது, அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன். ஒரு மாதம் முழுக்கச் சரக்கே அனுப்பாத சப்ளையர் யார் என்று கண்டுபிடிக்க இன்றும் அதே இணைப்பைத்தான் எழுதுகிறேன்.

பாக்ஸ்புரோவில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நாமே ஒவ்வொன்றாக நடந்துபோய்க் கணக்கெடுக்க நிரல் எழுதிப் பழகியிருந்தோம். ஆரக்கிள் வகுப்பில் கற்ற எஸ்.க்யூ.எல். மொழியில் என்ன வேண்டும் என்று சொன்னால் போதும். எந்த வழியில் எடுப்பது என்பதை அதுவே தீர்மானித்துக்கொள்ளும். ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் 1970இல் ஒரு கட்டுரையில் போட்ட அடித்தளம் அது.

பிறகு டேட்டா வேர்ஹவுஸ் வந்தது. அன்றாடப் பதிவு ஓடுகிற டேட்டாபேஸிலேயே மூன்று வருடக் கணக்கைக் கேட்டால் வாசலில் லாரி காத்து நிற்கும், ஜி.ஆர்.என். நகராது. அதனால் வரலாற்றைத் தனியாக எடுத்து அடுக்கினார்கள். பில் இன்மன் 1992இலும் ரால்ஃப் கிம்பல் 1996இலும் எழுதிய புத்தகங்கள்தான் அந்தத் துறைக்கு அஸ்திவாரம். ஒரு வரி எதைக் குறிக்கிறது என்பதை முதலில் முடிவு செய் என்பது கிம்பலின் வற்புறுத்தல். வகுப்பில் இது ஒரு நிமிடத்தில் கடந்துபோய்விட்டது. புரியவைத்தது எங்கள் லைன் சூப்பர்வைசர். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி காலை ஆறுக்கு முடியும் ஷிப்டின் உற்பத்தியை எந்தத் தேதியில் சேர்ப்பது என்று கேட்டேன். “தம்பி, நைட் ஷிப்ட் முடியிற வரைக்கும் எங்களுக்கு நேத்துதான்” என்றார். காலண்டர் நள்ளிரவில் தேதியை மாற்றுகிறது. தொழிற்சாலையோ காலை ஆறு மணிக்குத்தான் மாற்றுகிறது. அதனால் எங்கள் அட்டவணையில் உற்பத்தித் தேதி என்று தனியாக ஒரு பத்தி வைத்தோம். அதன் பிறகு காலைக் கூட்டத்தில் திரைக் கணக்கும் அவருடைய நோட்டுக் கணக்கும் ஒத்துப்போயின.

மாவட்டக் கதை இன்னும் சுவையானது. மறைமலை நகர் சப்ளையரின் பழைய பில்லில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்றிருக்கும். 1997 ஜூலையில் அது பிரிந்து காஞ்சிபுரம் மாவட்டம் ஆனது. 2019 நவம்பரில் மறுபடி பிரிந்தபோது அதே ஊர் செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போனது. கம்பெனி நகரவில்லை, கேட் நகரவில்லை, முகவரி மட்டும் இரண்டு முறை இடம் மாறிவிட்டது. பழைய பெயரை அழித்துப் புதியதை எழுதினால் 2010ஆம் வருடக் கொள்முதலும் செங்கல்பட்டுக் கணக்கில் போய் உட்காரும். ஆகவே பழைய வரியை அப்படியே வைத்து, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று எல்லை போட்டு, புதிய வரியைச் சேர்க்க வேண்டும். நடந்ததை நடந்தபடியே வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு ஒரு தனி மரியாதை.

இன்று பவர் பிஐ திரையில் ஒரு கோட்டைத் தொட்டால் முந்தைய பதில் மாறிப் புதிய பதில் வந்து நிற்கிறது. ராத்திரி ஓட விட்டுப் போய், காலையில் டீ கிளாஸோடு வந்து ரிப்போர்ட் பார்க்கிற எதிர்பார்ப்பு போய்விட்டது. விடிய விடிய ஓடப்போகிறதே என்று ஒரு கேள்வியை மூன்று முறை காகிதத்தில் எழுதிப் பார்க்கிற நிதானமும் அதோடு போனது. அதே நேரம், மாடி வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைகள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை இலவசமாக இறக்கிக்கொள்கிறார்கள், ஐ.ஐ.டி. மெட்ராஸ் பாடங்களை ஷிப்ட் பஸ்ஸில் போனிலேயே கேட்கிறார்கள். 2020இல் அந்த நிறுவனம் அறிவித்த இணையவழி டேட்டா சயின்ஸ் படிப்பில் டேட்டாபேஸும் ஒரு பாடம். துளைப் பட்டை கிழிக்கும் சுகத்தை இதற்காகத் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம்.

கற்க வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வரைபடம் போடும் முன் ஒரு ராத்திரி ஷிப்டில் லைன் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு வரி எப்போது பிறக்கிறது, யார் கையால் பதிவாகிறது, எது பதிவாகாமல் போகிறது என்று அங்கே கேளுங்கள். க்யூரியை இனி இயந்திரமே எழுதித் தரலாம். ஆனால் எங்கள் பேட்டையில் நாள் காலை ஆறு மணிக்குத்தான் பிறக்கிறது என்பதை நீங்கள்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும்.